கரிக்கிற போர்க்கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா?

கேள்வி: ஐயா, அகஸ்தீஸ்வரம் பக்கம், கடலில் இருந்து இரண்டு கிலோமீட்டரில் 400 ஏத்தன் (நேந்திரன்) வாழை நிற்கிறது. ஐந்தாம் மாதம். அடி இலைகள் ஓரம் கருகுகின்றன. 180 அடி போர்த் தண்ணீர் இரண்டு வருடமாகக் கரிக்கிறது. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், குழாயில் மாட்டும் உப்பெடுக்கிற காந்தமும் காட்டினார்கள். எதைப் போட? போரை 300 அடிக்கு இறக்கலாமா? பழைய கிணறு ஒன்று கிடக்கிறது, போர் போட்ட பிறகு இறைக்கவில்லை.

பதில்: அண்ணாச்சி, கருகலுக்குப் பொட்டாஷ் குறைவும் காரணமாகலாம், உப்பும் ஆகலாம். உங்கள் தண்ணீரைப் பார்த்தால் உப்புதான் முன்னால் நிற்கிறது. நீங்கள் போடும் பொட்டாஷ் மியூரியேட் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளோரைடு இருக்கிறது. விலை கூடினாலும் இந்தப் பயிருக்கு சல்பேட் பொட்டாஷுக்கு மாறுங்கள்.

ஜிப்சம், சோடியம் மண்ணோடு ஒட்டி இறுகிப்போன களர் நிலத்துக்கு மருந்து. கரையும் உப்பு சேர்ந்த உவருக்கு அல்ல. உவரைக் கழுவ நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். ஜிப்சமும் ஒரு உப்புதானே. மண்ணைப் பரிசோதிக்காமல் இரண்டுக்கும் ஒரே மூட்டையைத் தூக்கித் தருகிறவரிடம் வைத்தியம் கேட்காதீர்கள். காந்தமா? தண்ணீரில் கரைந்த உப்பு குழாயில் மாட்டிய காந்தத்தைப் பார்த்து எங்கே ஓடும்?

ஒரு கணக்குப் போடுங்கள். தண்ணீரின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து எண்) 3 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. வாழைக்கு நாளுக்கு 20 லிட்டர் விட்டால் 100 நாளில் ஒரு வாழையின் அடியில் 4 கிலோ. வெயில் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவிடும். மழை அதைக் கீழே இறக்கினால் திரும்ப உங்கள் போருக்கே வரும். மாவட்டத்தின் மேற்கே விளவங்கோட்டில் கொட்டுகிற மழை நம் பக்கம் இல்லை என்பதால் கழுவிப் போவதும் குறைவு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, தண்ணீர் ஏன் கரித்தது என்பது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியில் உப்பு சுமார் 40 அடி ஏறும். இது மணல் நிலத்துக்குச் சொன்ன கணக்கு. பாறை வெடிப்பில் இவ்வளவு நேராக நடக்காது, ஆனால் போக்கு அதுதான். 300 அடி என்பது உப்பைத் தேடிப் போவது. ரிக் வண்டிக்காரர் அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர், அவர் வேண்டாம் என்பாரா?

எனக்குக் கிணற்றின் மேல் ஒரு பிடிவாதம் உண்டு, தெரிந்தே சொல்கிறேன். அந்தப் பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். மேல் தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சாமல், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக் கூரைத் தண்ணீரை மணல், ஜல்லித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். ரோட்டுத் தண்ணீரும் யூரியா போட்ட வயல் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. பக்கத்துக் குளம் நிறைந்தாலும் கிணறு ஊறும். கரையோரம் பிளாட் போட்டு வரத்துக்காலை அடைத்திருந்தால் ஊர்க்காரர்களோடு போய்ச் சண்டை போடுங்கள், அது ஜிப்சத்தைவிட மலிவு. போர்த் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்புங்கள், அது உப்பைக் கொஞ்சம் தாங்கும்.

இப்போது இரண்டு தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். போரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கழுவிய பாட்டிலில் பிடியுங்கள். கிணற்றுத் தண்ணீரின் இ.சி. 1-க்குக் கீழே வந்தால் வாழைக்கு அதுவே போதும். அதுவும் கூடுதலாக வந்தால் அடுத்த நடவில் ஏத்தனை விட்டுவிடுங்கள். ஜிப்சம் வாங்கிவிட்டீர்களா? மூட்டை பிரிக்காவிட்டால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.