வண்டலூர் ஜூவுக்குப் போனால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன கிடைக்கும்? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பெருங்களத்தூரில் இருபது வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். நடக்கப் பிடிக்காத என் நோயாளிகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்வரச் சொல்வேன், பல முறை நானே கூடப் போயிருக்கிறேன். அதைப் பற்றிப் போன வாரம் எழுதியதும் நிறையப் பேர் கேள்வி கேட்டிருந்தீர்கள். பதில்கள் கீழே.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 66 வயது, பிரஷர் உண்டு. மிருகங்களைப் பார்த்தால் பிரஷர் குறையும் என்கிறீர்களே, மாத்திரையைக் குறைக்கலாமா?

மாத்திரையில் கை வைக்காதீர்கள் தம்பி, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொன்னது 2010ல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வை வைத்து. ஜூவுக்கு வந்தவர்களுக்குச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் பிரஷர் பார்த்தார்கள், பின்னால் பார்த்தபோது குறைந்திருந்தது. 6,000 காலடிக்கு மேல் எடுத்து வைத்து நடந்திருந்தார்கள், வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்விகளுக்கும் முன்பைவிட நல்ல பதில் வந்தது. ஆனால் அது அன்றைய நாள் கணக்கு. நடந்ததால் குறைந்ததா, மர நிழலாலா, மிருகங்களாலா, வீட்டை விட்டு வெளியே வந்ததாலா என்று தனியாகப் பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கிறது என்பதே எனக்குப் போதும். மாதம் ஒரு முறை கூட்டிப் போங்கள், மற்ற நாட்களில் தெருவில் நடக்கட்டும்.

கேள்வி: எனக்கு இரண்டு முழங்காலும் வலி. அவ்வளவு பெரிய இடத்தில் எப்படி நடப்பது மேடம்?

முழுசாக நடக்கவே வேண்டாம். பூங்கா 602 ஹெக்டேர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான் மறுநாள் காலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உட்காருங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், முடியாவிட்டால் பேட்டரி வண்டி இருக்கிறது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து தேறியவர், ஆனால் இடது காலில் எடையே போட மாட்டார். மூன்று வாரம் கம்பியைப் பிடித்து நிற்க வைத்துக் கெஞ்சியிருக்கிறேன், பயந்து பயந்து வலது பக்கமே சாய்வார். ஒரு நாள் மகனும் நானுமாக அவரை நீர்யானை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். தண்ணீரில் இரண்டு காது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு மேலே வந்து, மூடியிருந்த துளைகள் திறந்து புஸ்ஸென்று தண்ணீரைப் பீய்ச்சியது. அந்த அம்மா "ஐயோ, எங்கே எங்கே" என்று தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், இடது பாதம் முழுசாகத் தரையில் ஊன்றியிருந்தது! நான் வாயே திறக்கவில்லை. அது மறுபடி மூழ்கி எழும்வரை அப்படியே நின்றார். உடற்பயிற்சி என்றால் வலியை நினைத்துக்கொண்டே செய்வோம், இங்கே மனசு வேறெங்கோ போய்விடுகிறது, கால் தன் வேலையைப் பார்க்கிறது. இதற்காகத்தான் அனுப்புகிறேன்.

கேள்வி: ஐடி வேலை, சோழிங்கநல்லூர். மனசு சரியில்லை என்று போனேன், கூண்டுக்குள் ஒரு மிருகம் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து இன்னும் பாரமாகிவிட்டது. எனக்குத்தான் ஏதோ பிரச்சனையா?

இல்லை தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பது பல சமயம் அந்த உயிரின் மன அழுத்தத்துக்கு அடையாளம், இரை வரும் நேரத்திலும் சில மிருகங்கள் அப்படி நடக்கும். அதைப் பார்த்து மகிழ்ச்சி வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். அடுத்த முறை மரமும் அகழியுமாக விரிந்திருக்கும் திறந்த அடைப்புகள் பக்கம் போங்கள், இல்லையென்றால் ஓட்டேரி ஏரிக் கரையில் உட்காருங்கள், குளிர்காலத்தில் அங்கே தானாக வந்து தானாகப் போகும் பறவைகள்தான். இன்னொன்று, மனசு சரியில்லாதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அதற்கு ஜூ மருந்தில்லை. 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையோடு போகலாமா? கிருமி பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போகலாம் அம்மா. தொட்டு விளையாட விடும் இடங்களில்தான் ஆபத்து அதிகம், ஆடு மாடு மாதிரி பிராணிகளிடமிருந்து கடுமையான வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் வரலாம், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை அது மோசமாகத் தாக்கும். வண்டலூரில் பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்ப்பதுதான், ஆனால் குழந்தை தடுப்புக் கம்பியை நக்கும், கீழே விழுந்த முறுக்கை எடுத்து வாயில் போடும். ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சில கிருமிகளுக்கு சானிடைசர் போதாது.

கேள்வி: வேறொரு ஊர் ஜூவில் வெளியே திரிந்த குரங்கு என் பையன் கையில் பிறாண்டிவிட்டது. சின்னக் கீறல்தான், விட்டுவிடலாமா?

விடவே கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் பரவாயில்லை, இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

கேள்வி: லேசாகச் சளி, இருமல். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போகலாமா?

வேண்டாம். நமக்கு மட்டும் அல்ல, அங்கே இருப்பவற்றுக்கும் ஆகாது. 2021 ஜூனில் இதே வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது, சில நாட்களில் ஒரு ஆண் சிங்கமும். அப்போது பூங்காவுக்குள் பார்வையாளர்களே கிடையாது, அப்படியும் வந்தது. மனிதரிடமிருந்து பெரிய பூனை இனங்களுக்கு அது தொற்றும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். எனக்கு இன்னும் அந்தச் செய்தி மனசை விட்டுப் போகவில்லை.

கேள்வி: மே மாத லீவில்தான் எல்லாரும் சேர முடியும். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

மே மாதம் சென்னை வெயிலில் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு நடுப்பகல் நடை வேண்டாம் தம்பி. காலையில் திறந்ததும் போய் பத்தரை, பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், உப்புப் போட்ட மோர், குடை. தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டு விசிறுங்கள், தெளியவில்லை என்றால் 108. என் அம்மாவை ஒரு முறை ஏப்ரல் மாதம் பன்னிரண்டு மணிக்கு நடக்க வைத்து, அவர் மயங்கி விழுந்து, நான் பட்ட பாடு போதும்.

கேள்வி: யூடியூபில் மிருகங்களைப் பார்த்தால் அதே பலன் கிடைக்காதா?

படுக்கையில் இருப்பவர்களுக்கு நல்லது, நானே போட்டுக் காட்டுவேன். நேரில் பார்ப்பது வேறு. இங்கிலாந்தில் பிளிமத் மீன் காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டிக்கு மெல்ல மெல்ல மீன்களை விட்டபோது பார்த்தவர்களின் நாடித்துடிப்பைக் கணக்கெடுத்தார்கள். அமைதியாக நின்று பார்த்தாலே துடிப்பு தணிந்தது, மீன்கள் கூடியபோது பார்ப்பவர்களின் மனநிலையும் கூடியது. வீட்டில் சின்னத் தொட்டி வைக்க முடிந்தால் வையுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 74 வயது. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த உயிர் காலேஜைப் பார்த்தவன். பேரன்களோடு வண்டலூர் போக ஆசை, என்னால் அவர்களுக்குத் தொந்தரவோ என்று தயக்கம்.

ஐயா, நீங்கள்தான் கட்டாயம் போக வேண்டும். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், ஜூ உயிர் காலேஜ் என்று என் தாத்தாவும் சொல்வார். 1855ல் மியூசியத்தில்தான் அது தொடங்கியது, அப்புறம் மூர் மார்க்கெட் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க், 1985ல் வண்டலூர் என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது, நீங்கள் கண்ணால் பார்த்தது. அந்த இரும்புக் கூண்டுகள் எப்படி இருந்தன என்று பேரன்களுக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பையன்கள் ஓடட்டும், நீங்கள் நிழலாகப் பார்த்து ஓரிடத்தில் உட்காருங்கள், அவர்களே திரும்பி வந்து உங்களிடம் கதை கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை, அன்றைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.