எட்டு ப்ராப்ஸ் சுமக்கும் கார்டு

கேள்வி: பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். முதலமடை மாங்காய் வியாபாரிகளுக்காகத் தமிழ், மலையாளம் இரண்டிலும் ரியாக்டில் (இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஒரு இணையதளம் கட்டிவருகிறேன். சரக்கு, விலை, லாரி எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு காம்பொனென்ட் (பல இடங்களில் திரும்பப் பயன்படுத்தும் திரைத் துண்டு; இங்கே ஒரு விவரப் பெட்டி). ‘விலை காட்டு’, ‘படம் காட்டு’ என்று ஆம்-இல்லை ப்ராப்ஸ் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) எட்டாகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒவ்வொரு ஆம்-இல்லை ப்ராப்பும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும்; எட்டு என்றால் 256 வகைக் கார்டுகள். நீங்கள் கண்ணால் பார்த்தவை ஏழெட்டு இருக்கும். ஒன்பதாவதைச் சேர்த்தால் 512. தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

கார்டுக்கு மாங்காயும் தெரிய வேண்டாம், லாரியும் தெரிய வேண்டாம். ஓரம், நிழல், உள் இடைவெளி இவையே அதன் பொறுப்பு. உள்ளே வருவதைச் சில்ட்ரன் (உள்ளடக்கத்தை அப்படியே உள்ளே அனுப்பும் ப்ராப்) வழியாக வாங்கிக்கொள்ளட்டும். அதை வைத்துச் சரக்குக் கார்டு, லாரிக் கார்டு என்று தனித்தனியே எழுதுங்கள். இரண்டிலும் நாலு வரி ஒன்றுபோல இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது இடத்திலும் அதே வரிகள் வரும்போது பொதுவாக்கலாம். அவசரப்பட்டு ஒன்றாக்கியதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. சர்வரிலிருந்து விலையை எடுப்பது பக்கத்தின் வேலை, கார்டின் வேலை அல்ல.

இருமொழித் தளம் என்பதால் இதையும் கவனியுங்கள். பட்டனுக்கு 120 பிக்சல் என்று அகலத்தைக் கட்டிப்போட்டால், ‘ஆர்டரை உறுதிசெய்யுங்கள்’ இரண்டு வரியாக மடங்கும். அகலத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும். நீங்கள் உள் இடைவெளியை மட்டும் கொடுங்கள். வரி உயரத்தை எழுத்தளவின் 1 மடங்கு என்று வைத்து, பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கவும் சொல்லியிருந்தால், கீழே இறங்கும் மலையாளக் கூட்டெழுத்துகளின் அடி வெட்டுப்படும். 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். வாசகங்களைக் காம்பொனென்டுக்குள் எழுதாமல் வெளியிலிருந்து அனுப்புங்கள். எச்.டி.எம்.எல்.லின் லாங் (lang) பண்பில் மொழியைக் குறியுங்கள். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் உச்சரிப்பைத் தேர்ந்தெடுக்கும்.

பட்டனை டிவ்வில் (div, வெறும் பெட்டி உறுப்பு) செய்யாதீர்கள். டேப் விசை அதில் நிற்காது, என்டர் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. உண்மையான பட்டன் உறுப்பு இவற்றைத் தானாகவே தரும். ஆனால் படிவத்துக்குள் இருக்கும் பட்டன், வகை (type) குறிக்காவிட்டால், படிவத்தையே அனுப்பிவிடும். எனவே காம்பொனென்டில் வகையை ‘பட்டன்’ (button) என்று முதலிலேயே வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். முதலில் லாரியை மட்டும் வெளியே எடுங்கள். அதற்கென்றே இருந்த ப்ராப்ஸ் தாமாகத் தேவையற்றுப் போகும். அவற்றை அழித்துவிட்டு விலைக்கு வாருங்கள்.