எழுத்து, மேடைப் பேச்சு, சுய விளம்பரம்: சொந்தமாக எழுதிப் பிழைப்பவர் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்தவர் நீங்கள். சிங்கப்பூரில் தமிழில் எழுதிப் பிழைக்கக் கூட்டங்களில் பேச வேண்டியிருக்கிறது, நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது, இதற்கு நடுவில் எழுதுவது எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். தன்னைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு, பள்ளிப் பயிலரங்கு, கட்டுரை, சிறுகதை என்று பல ஆண்டுகளாக இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருப்பதால், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்றுக்கும் சமமாக நேரம் பிரித்தால் முதலில் அடிபடுவது எழுத்துதான். மேடைக்குத் தேதி உண்டு. அழைப்பிதழில் நம் படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், பிறகு போகாமல் இருக்க முடியாது. முகநூலில் ஒரு பதிவு போட்டால் உடனே நாலு பேர் வாழ்த்துகிறார்கள். பாதியில் நிற்கும் சிறுகதையை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது வரவில்லையே என்று ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. கேட்க ஆளில்லாத வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதனால் எழுத்துக்கும் ஒரு தேதியையும், கேட்பதற்கு ஓர் ஆளையும் முதலில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு இந்த ஊரில் வழி இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் என்ற சிறுகதைச் சந்திப்பை நடத்துகிறது. கவிதைக்குக் கவிமாலை அமைப்பின் மாதச் சந்திப்பு இருக்கிறது. தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, இன்ன நாளுக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற கெடு கிடைக்கிறது. எனக்கு ஒரு தோழி இருக்கிறார், அவரும் எழுதுபவர். மாதக் கடைசியில் இருவரும் எழுதியதை மாற்றிக்கொள்கிறோம். முடிக்காவிட்டால் முடிக்காத பக்கங்களையே அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. நான் கடைசியாக எழுதி முடித்த கதைகள் எல்லாம் அந்தக் கெடுவுக்குப் பயந்து முடித்தவைதான்.

அடுத்தது, வாரத்தைப் பிரிப்பதை விட்டுவிட்டு ஆண்டைப் பிரியுங்கள். நம் ஊர்த் தமிழ் நிகழ்ச்சிகள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில மாதங்களில்தான் குவிகின்றன. வளர்தமிழ் இயக்கம் ஒருங்கிணைக்கும் தமிழ்மொழி விழாவால் ஏப்ரல் முழுவதும் நிகழ்ச்சிதான். சனி, ஞாயிறுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கூட்டம் நடக்கும். வருமான வரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாளான 18ஆம் தேதியும் அதே ஏப்ரலில்தான் வருகிறது. நவம்பரில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. 1986இல் தொடங்கி, 2011 முதல் ஆண்டுதோறும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடக்கிறது. ஏப்ரலிலும் நவம்பரிலும் நீண்ட கதை எழுத உட்காருவது வீண். அந்த மாதங்களைப் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் எழுதிக்கொடுத்துவிட்டேன். மே முதல் ஆகஸ்டு வரை மேடை அழைப்புகளைக் கூடியவரை ஏற்பதில்லை. "செப்டம்பருக்குப் பிறகு கூப்பிடுங்கள், கட்டாயம் வருகிறேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஜூன் விடுமுறையில் வரும் சிறுவர் பயிலரங்குகள் மட்டும் விதிவிலக்கு. அந்த மாதத்து வாடகையே அவற்றிலிருந்துதான் வருகிறது.

ஒரு பதினைந்து நிமிடப் பேச்சு பதினைந்து நிமிடத்தில் முடிவதில்லை. தயாரிப்பு, ரயில் பயணம், தொடங்கத் தாமதம், சிறப்பு விருந்தினர் உரை, குழுப்படம், சிற்றுண்டி எல்லாம் சேர்ந்து ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதனால் அழைப்பு வந்ததும் எனக்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பேச்சு நான் எழுதிக்கொண்டிருப்பதோடு சேருமா? சேர்ந்தால் போகிறேன். சேராவிட்டால், சன்மானம் இருந்தால் போகிறேன். இரண்டும் இல்லையென்றால் நன்றி சொல்லிவிடுகிறேன். இலக்கிய அமைப்புகள் இதில் சேரா. அங்கே எல்லாருமே வேலை முடிந்து வந்து, தங்கள் கைக்காசில் நாற்காலி போடுகிறவர்கள். அவர்களிடம் கட்டணம் பேச எனக்கு மனம் வராது, பேசவும் கூடாது என்றே நினைக்கிறேன். பள்ளி, நிறுவனம், அரசாங்க அமைப்பு என்றால் கட்டணத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். அங்கே ஒலிபெருக்கிக்காரருக்கும் உணவுக்காரருக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேச்சாளருக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

பேச்சு எழுத்துக்குத் திரும்பி வந்து சேர்வதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் ஒரு கூட்டம். செம்பவாங் கடற்படைத் தளத்து ஊழியர் குடியிருப்பை வைத்து எழுதிய கதையிலிருந்து இரண்டு பக்கம் வாசித்தேன். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறும் வரை நம் ஆட்களும் மலையாளிகளும் நிறையப் பேர் அங்கே குடியிருந்தார்கள். வாசித்து முடித்துத் தேநீர் எடுக்கப் போகும்போது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, சங்கு ஊதுறதைச் சொன்னியே, அது ஊதுனாத்தான் எங்கம்மா உலை வைக்கும். சைக்கிள் கூட்டம் கேட்டைத் தாண்டி வர்றதுக்குள்ள குழம்பு கொதிச்சிருக்கணும்" என்றார். பிடித்த கையை விடவே இல்லை. எந்த வரிசையில் எந்த வீடு, யார் வீட்டில் வானொலி இருந்தது, யார் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறும் என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் நிகழ்ச்சிநிரல் தாளின் பின்பக்கத்தில் தன் பேத்தியின் எண்ணை எழுதிக் கொடுத்தார். என் அடுத்த கட்டுரை அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான். அது வெளிவந்தபோது பேத்திக்கு இணைப்பை அனுப்பினேன், அவர் தங்கள் குடும்பக் குழுவில் போட்டார். நான் முன்பின் பார்த்திராத எத்தனையோ பேர் அதைப் படித்தார்கள்.

அன்று நான் பொதுவாக "இலக்கியமும் வாழ்வும்" என்று பேசியிருந்தால் அந்தப் பாட்டி எழுந்து வந்திருக்க மாட்டார். அதனால் மேடைக்கென்று தனியாகத் தலைப்புத் தேடாதீர்கள். எழுதியதையே எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டத்துக்கு முன்பு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டே உரக்க வாசித்துப் பார்ப்பேன். எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறதோ அது எழுத்திலும் சரியில்லாத வாக்கியம்தான், அங்கேயே பென்சிலால் திருத்திவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் எழுதாத கதையை மேடையில் சொல்லாதீர்கள், வானொலி நேர்காணலிலும் சொல்லாதீர்கள். சொல்லிக் கைதட்டு வாங்கியபின் அதை உட்கார்ந்து எழுத மனதுக்கு அவசரம் இருப்பதில்லை. நல்ல எழுத்தாளர்கள் சிலர் இப்படியே பேச்சாளர்களாகிவிட்டதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். தற்புகழ்ச்சி கூடாது என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பிறருக்குத் தோன்றாததைத் தோற்றுவித்துப் பல துறைகளில் நூல் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்று ஒரு சூத்திரத்தில் சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் அது தகும் என்கிறார்: அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே" என்று முடிகிறது சூத்திரம்.

நமக்கு முதல் இரண்டும் அன்றாடம் நேர்பவை. கலைகள் மன்றத்துக்கு மானிய விண்ணப்பம் எழுதுகிறோமே, அதுதான் இன்றைய ஓலை. அங்கே "ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று அடக்கமாக எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எந்தப் படைப்பு, எங்கே வந்தது, என்ன விருது, இந்த நூலை நீங்கள்தான் எழுத வேண்டியதற்குக் காரணம் என்ன என்று நேராக எழுதுங்கள். ஆற்றல் அறியாதவர் நடுவில் என்பதோ இந்த ஊரில் எப்போதும் நம் நிலைமை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். அவர்களிலும் கதை படிப்பவர்கள் ஒரு பகுதிதான். நம் புத்தகம் வந்திருப்பதை நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?

எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே சுவரொட்டியைப் பத்துக் குழுக்களில் போடுவதால் பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதும் மூன்று வரிக்குப் பலன் உண்டு. "அண்ணே, நீங்க துறைமுகத்துல வேலை செஞ்சவர்னு சொன்னீங்களே, இந்தக் கதை உங்களுக்குப் பிடிக்கும்னு தோணுது" என்று அனுப்பினால் படித்துவிட்டுப் பதில் போடுவார். பள்ளிக்கு எழுதும்போது தமிழ் ஆசிரியரின் வேலைச்சுமையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு, எத்தனை மணி நேரம், முடிவில் மாணவர் கையில் என்ன இருக்கும், எத்தனை வெள்ளி என்ற நாலு செய்தி போதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை, தொகை, பணம் தரும் நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். சுயதொழில் செய்பவர்களோடு ஒப்பந்தம் போடுவதற்கு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட முத்தரப்புத் தரநிலையும் இதையே சொல்கிறது. மொழிபெயர்ப்புக்கான பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒரு நிறுவனத்திடம், மின்னஞ்சலில் இருந்த ஒற்றை வரியைக் காட்டித்தான் நான் வாங்கினேன். அதற்கும் மசியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குக் கட்ட வேண்டும், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் குடியுரிமை பெற்றவரா, நிரந்தரவாசியா, வேலை அனுமதியில் இருப்பவரா என்று சொல்லவில்லை. வேலை அனுமதியில் வந்தவர்கள் தம் முதலாளியைத் தவிர வேறிடத்தில் சொந்தமாகத் தொழில் செய்ய மனிதவள அமைச்சின் விதிகள் இடம் தருவதில்லை. அப்படியானால் சன்மானம் வாங்கும் எந்த அழைப்பையும் ஏற்பதற்கு முன் அமைச்சிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றபடி, கையில் முடிக்காத கதை ஒன்று இருந்தால் அதை எந்த மாதக் கதைக்களத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த மாதம் வந்ததும் என்ன ஆயிற்று என்று நானே வந்து கேட்கிறேன்.