'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடல் ஏன் இரண்டு முறை வெளிவந்தது? அதன் காணொளிக்கும் ரீமிக்ஸுக்கும் (பதிவின் ஒலிகளை மாற்றியமைத்த வடிவத்துக்கும்) என்ன சிறப்பு?

நீல் டெனன்ட், கிறிஸ் லோ ஆகிய இருவரின் பிரிட்டிஷ் பாப் இசைக்குழுவான பெட் ஷாப் பாய்ஸ் இப்பாடலை முதலில் பாபி ஓர்லாண்டோவின் தயாரிப்பில் 1984இல் வெளியிட்டது; நடன அரங்குகளில் ஓரளவு கவனம் பெற்றாலும், பிரிட்டனில் அது எடுபடவில்லை. பின்னர் பார்லோபோன் இசைத்தட்டு நிறுவனத்தில் இணைந்த அவர்கள், ஸ்டீபன் ஹேக்கின் தயாரிப்பில் அதை முழுவதுமாக மறுபதிவு செய்தனர். 1985 அக்டோபரில் வெளிவந்த இவ்வடிவமே மறு ஆண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காரணம் விளங்கும். முதல் பதிவு தாளத்தை முன்னிறுத்துகிறது. ஹேக்கின் பதிவோ தெருவின் இரைச்சலோடும் காலடி ஓசையோடும் தொடங்கி, தாழ்ந்து ஒலிக்கும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் மேல் டெனன்டின் பேச்சு போன்ற பாடலைப் படரவிட்டு, லண்டன் நகரத்தையே கண்முன் நிறுத்துகிறது. அமெரிக்க ராப் இசையின் தாக்கத்தில் எழுந்த வரிகளுக்கு இந்த நிதானமே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டி மொரஹனும் எரிக் வாட்சனும் இயக்கிய காணொளியிலும் அதே நிதானம்தான்: டெனன்ட் பாடியபடி லண்டன் தெருக்களில் நடக்க, லோ பேசாமல் பின்தொடர்கிறார். ஆடம்பர அரங்கமைப்புகள் மலிந்திருந்த அக்காலத்தில், உணர்ச்சி காட்டாத இம்முகங்களே குழுவின் அடையாளமாயின.

ரீமிக்ஸ்களில் முக்கியமானது ஷெப் பெட்டிபோன் செய்தது. 1986இல் வந்த 'டிஸ்கோ' தொகுப்பில், சுமார் ஒன்பது நிமிடங்களுக்கு நீளும் அதைக் கேட்கலாம்.