கல்லூரியில் படிக்கும்போதே தொழில்முனைவோர் ஆகும் உந்துதலை எங்கிருந்து பெறுவது?

பி.காம். இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், தொழிலதிபர்களின் பேச்சைக் கேட்டால் வரும் வேகம் இரண்டு நாளில் அடங்கிவிடுவதாகவும், வீட்டில் "முதலில் டிகிரியை முடி" என்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஆம்பூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து வேலூரில் அதே பி.காம். படித்தவன்தான். எங்கள் கல்லூரிக் கலையரங்கிலும் அத்தகைய பேச்சுகள் நடந்தன. கைதட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினால், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் என் வேகம் அடங்கிவிடும். உங்களுக்கு இரண்டு நாள் தாங்குகிறது என்பதே பெரிது.

பேசியவர்களைக் குறை சொல்லவில்லை. ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை என்பது வேலூரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு மலைத்துப்போகலாமே தவிர, மறுநாள் காலையில் நாம் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. எனக்கு அந்த விடை கிடைத்தது, அதே மருத்துவமனைக்குப் பக்கத்தில், காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு பாத்திரக் கடையில்.

அது என் வகுப்புத் தோழனுடைய மாமாவின் கடை. சனிக்கிழமைகளில் கணக்கு எழுத ஆள் தேடினார், நான் போனேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குவார்கள். நம் ஊர்ச் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமல் தாங்களே சமைப்பார்கள். அதற்காகக் குக்கரும் வாணலியும் தட்டும் வாங்கியவர்கள், ஊருக்குத் திரும்பும் நாளில் அவற்றைத் தூக்கிச் செல்ல வழியில்லாமல், பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளும்படி கடை வாசலில் வந்து நிற்பார்கள். அப்படி நின்றவர்களைப் பல மாதம் பார்த்த பிறகுதான் அவர் பாத்திரங்களை வாடகைக்கு விடத் தொடங்கினாராம்.

அவருடைய நீள நோட்டில் நான் எழுதிய கணக்கு இதுதான்: அடுப்பு உட்பட ஒரு செட்டுக்கு அடக்க விலை 2,100 ரூபாய், நாள் வாடகை 30 ரூபாய், முன்பணம் 500 ரூபாய். "எழுபது நாள்ல போட்ட காசு வந்துடும் தம்பி, அப்புறம் வர்றதுதான் நம்ம காசு" என்பார். நோட்டைப் புரட்டினால் அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தது. குக்கர் கேஸ்கட் மாற்றும் செலவு அவர் கணக்கில் வரவே இல்லை. துர்கா பூஜை சமயத்தில் பாதிச் செட்டுகள் அலமாரியில் தூங்கின. எழுபது நாள் என்றது நடைமுறையில் நூற்றுப்பத்து நாளானது. ஆனாலும் அது லாபமான தொழில்தான். அதை ஒரு பேச்சாளர் சொல்லி நம்பாமல் நானே கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான், இதைப் போல் ஒன்றை நானும் செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. அது இரண்டு நாளில் போகவும் இல்லை.

எங்கள் ஊரான ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதிக்கு வெட்டியது போக மிஞ்சும் தோல் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்பார்கள். அவற்றில் கொஞ்சம் வாங்கி, பக்கத்து வீட்டு அக்காவிடம் தையல் கூலி பேசி, அடையாள அட்டை வைக்கும் உறைகள் 60 செய்தேன். நர்சிங் படிக்கும் பெண்கள் 20 பேர் வாங்கினார்கள். ஒரு வாரத்தில் மழை பெய்தது. நனைந்த உறையின் சிவப்புச் சாயம் ஒருவருடைய வெள்ளைக் கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கிவிட்டது. 20 பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கோட்டுக்கும் தனியாகக் கொடுத்தேன். அந்த மாதப் பேருந்துச் செலவுக்குச் சித்தப்பாவிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. ஷூ கம்பெனியில் வேலை செய்த அவர், ஈரமான வெள்ளைத் துணியால் தோலைப் பத்து முறை தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தியையே எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம், நானும் முன்பே கேட்டிருக்கலாம். மீதியிருந்த 40 உறைகளையும் அன்று இரவே தேய்த்துப் பார்த்தேன், 27 தேறின. அவ்வளவு ஆர்வத்தோடு நான் எந்தத் தேர்வுக்கும் உட்கார்ந்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரன் நேர்மையாக எழுதியதாகாது. தோல் தொழிலைப் பார்த்து ஆசைப்படுபவர் பாலாற்றையும் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து பாலாற்றில் கலந்த கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தொழிலின் கணக்கில் எழுதப்படாமல் விடுபடும் செலவு கேஸ்கட் மட்டுமல்ல.

அரசு உதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்டத் தொழில் மையத்தில், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான நீட்ஸ் (NEEDS) என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. 21 வயது நிரம்பி, உரிய கல்வித் தகுதியும் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களில் 25 சதவீத மானியம் கிடைக்கும். ஆனால் வங்கியில் திட்ட அறிக்கையை நீட்டும்போது அதிலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பார்கள். இன்றே ஒரு சிறு கடையில் கணக்கு எழுதப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சம்பளம் கேட்காதீர்கள், நோட்டைப் பார்க்க விடும்படி மட்டும் கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் முதலில் தயங்குவார்கள், மூன்றாவது வாரம் அவர்களாகவே பழைய நோட்டையும் எடுத்துப் போடுவார்கள்.

வீட்டில் சொல்வது நியாயம்தான், டிகிரியை முடித்துவிடுங்கள். எனக்கு அடக்கவிலைக் கணக்கியலில் ஒரு அரியர் இருந்தது. தேய்மானம், வீணாகும் பொருள், வேலையில்லாமல் கிடக்கும் நாள் என்று புத்தகத்தில் இருந்ததெல்லாம் பாத்திரக் கடை அலமாரியும் 13 சிவப்பு உறைகளுமாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அடுத்த முறை அதில் 71 மதிப்பெண் வாங்கினேன்.