எங்கே தளை தட்டுகிறது?

கேள்வி: குறள் வெண்பா ஒன்றை எழுதி, யாப்பு அறிந்த நண்பரிடம் காட்டினேன். “தளை தட்டுகிறது” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏழு சீர், எதுகை, மோனை எல்லாம் இருந்தும் நான் எங்கே தவறினேன்?

மழைபெய்து விட்டால் மலைகள் எல்லாம்
தழைபோர்த்து நிற்கும் தளிர்த்து

– வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘மழை – தழை’ என்று எதுகையும், ‘மழை – மலை’, ‘தழை – தளிர்’ என்று ஒன்றாம் மூன்றாம் சீர்களில் பொழிப்பு மோனையும் அமைந்திருக்கின்றன, ஈற்றுச் சீரும் ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் (அசை அமைப்பைக் காட்டும் மாதிரிச் சொல்லில்) முறையாகவே முடிகிறது. ஆனால் இவையெல்லாம் தொடையும் (எதுகை, மோனை போன்ற ஓசை ஒப்புமையும்) சீர் எண்ணிக்கையும் பற்றியவை. ஒரு செய்யுளை வெண்பா ஆக்குவது ஒரு சீரின் ஈற்றசை அடுத்த சீரின் முதலசையோடு சேரும் விதம். அந்தச் சேர்க்கையைத்தான் தளை என்கிறோம்.

குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் (புள்ளி எழுத்து தொடர்ந்தும்) வந்தால் நேரசை. இரு குறில் இணைந்தோ, குறிலைத் தொடர்ந்து நெடில் வந்தோ, தனித்தும் ஒற்றடுத்தும் நின்றால் நிரையசை. நேர் நேர் ‘தேமா’, நிரை நேர் ‘புளிமா’, நிரை நிரை ‘கருவிளம்’, நேர் நிரை ‘கூவிளம்’. இவற்றோடு மூன்றாவதாக ஒரு நேரசை சேர்ந்தால் காய்ச்சீர். மாமுன் நிரை (அதாவது மாச்சீரை அடுத்து நிரையசை), விளமுன் நேர், காய்முன் நேர் என்னும் மூன்று சேர்க்கைகளைத் தவிர வேறெதையும் வெண்பா ஏற்காது.

இனி உங்கள் பாட்டைப் பிரித்துப் பார்ப்போம். ‘மழை/பெய்/து’ புளிமாங்காய், அதை அடுத்து ‘விட்’ என்று நேர் வருகிறது, சரி. ‘விட்/டால்’ தேமா, அடுத்து ‘மலை’ என்று நிரை, அதுவும் சரி. ‘மலை/கள்’ புளிமா என்பதால் அடுத்து நிரை வர வேண்டும். நீங்களோ ‘எல்/லாம்’ என்று நேரசையில் தொடங்கும் சீரை வைத்துவிட்டீர்கள். உங்கள் நண்பரின் காதில் தட்டியது இந்த இடம்தான். ‘மலைக ளெல்லாம்’ என்று புணர்த்து எழுதினாலும் பிழை தீராது. ‘மலைகள் முழுதும்’ என்று மாற்றிப் பாருங்கள்: ‘முழு/தும்’ நிரையில் தொடங்குவதால் முன்சீரோடு பொருந்துகிறது, அதுவும் மாச்சீராகவே முடிவதால் அடுத்த அடியின் ‘தழை’ என்னும் நிரையோடும் பொருந்துகிறது. அடி முடிந்தாலும் தளை முடிவதில்லை என்பதைப் புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மற்ற இடங்களில் நீங்கள் தவறவே இல்லை.

‘காரிகை (யாப்பருங்கலக்காரிகை என்னும் யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று’ என்று அலுத்துக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. ஒரு சீருக்காக இத்தனை வாய்பாடா என்று உங்களுக்கும் தோன்றினால் அதில் வியப்பில்லை.

கேள்வி: அப்படியானால் ‘மலைகள் எல்லாம்’ என்பது எந்தப் பாவிலும் வரக்கூடாத பிழையா?

– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. மாச்சீரின் முன் நேர் வருவதற்கு நேரொன்றாசிரியத் தளை என்றே பெயர். அது அகவல் என்றும் சொல்லப்படும் ஆசிரியப்பாவுக்கு உரியது. வெண்பாவில் தட்டுகிற அதே சேர்க்கை அகவல் ஓசைக்கு அடிப்படையாகிறது. ஆசிரியப்பா வேறு தளைகளையும் இடையிடையே ஏற்கும். அடி எண்ணிக்கையிலும் தாராளம் காட்டும். நான்கு முதல் எட்டு அடி வரையிலான குறுந்தொகைப் பாடல்களும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை நீளும் அகநானூற்றுப் பாடல்களும் இந்தப் பாவில் அமைந்தவையே. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி மட்டும் முச்சீராகக் குறுகும்; முடிவில் ஏகாரம் வருவது பெருவழக்கு. வெண்பாவில் தொடங்கி மனம் தளர்வதைவிட, முதலில் பத்து அகவல் எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: யாப்பே இல்லாத புதுக்கவிதையைக் கவிதை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

– வாசகர், மதுரை

பதில்: ஒப்புக்கொள்கிறேன். வெண்பாவும் விருத்தமும் கைவந்த பாரதியாரே வசன கவிதையும் எழுதினார், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் புதுக்கவிதைக்குக் களம் அமைத்துத் தந்தது. எனக்கு மனத்தாங்கல் ஒன்றே: தளை தட்டும் வெண்பாவை நான்காக மடித்து எழுதிவிட்டு, அதையே புதுக்கவிதை என்று அனுப்புகிறார்களே, அதுதான்.