செயலியில் பச்சை, மூக்கில் நாற்றம்

வணக்கம் ஐயா,

மாதவரத்தில் குடியிருக்கிறேன். இரவில் மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் அழுகிய முட்டை நாற்றம் தாங்க முடிவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு செல்போனைப் பார்த்தால், காற்றின் தரம் ‘திருப்தி’ என்று பச்சையில் காட்டுகிறது. வாட்ஸப் குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எண்ணெய் கசிந்தால்தான் பேப்பரில் செய்தி. என்னைப் போன்றவர்கள் சரியான தகவலை எங்கே தேடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூக்கும் சரி, செயலியும் சரி. நம் காற்றுத் தரக் குறியீட்டில் மொத்தம் எட்டு மாசுகள்: இரு வகைத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். முட்டை நாற்றத்துக்குப் பேர்போன ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்தப் பட்டியலிலேயே கிடையாது. துகள்களுக்கும் 24 மணி நேரச் சராசரிதான். ராத்திரி இரண்டு மணி நேரம் வீசிய புகை, பகல் கடற்காற்றோடு கூட்டி வகுக்கப்பட்டுக் காணாமல் போய்விடும். இன்னொன்று: அந்த இரு வகையில் சிறியதான நுண்துகள் (PM 2.5) கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் நமக்கு ‘திருப்தி’. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர வரம்பு 15. யாருடைய திருப்தியோ!

‘சுற்றுச்சூழல் தகவல்’ என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால் மரம் நடும் விழாப் படங்கள்தான் வரும். ஒரு ஆலை, ஒரு ஓடை என்று முகவரியோடு தேடுங்கள். ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு கழிவுநீர் விடலாம், புகைபோக்கியில் எது எந்த அளவு போகலாம் என்பதெல்லாம் மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இசைவாணையில் இருக்கிறது. கழிவுநீர் நிபந்தனைகளைப் பதிவேட்டில் வைத்து, அக்கறையுள்ளவர் பார்வைக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1974ஆம் வருட நீர்ச் சட்டம், பிரிவு 25. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் அவற்றின் விவரத்தையும் கழிவு அளவையும் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2003 உச்ச நீதிமன்ற உத்தரவு. மணலி விரைவுச் சாலையில் போகும்போது வண்டியை ஓரங்கட்டி அந்தப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் தேதி பழசாக இருக்கும், அதுவும் தகவல்தான்.

பலகையில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆனால் “ஏன் நாற்றம் வருகிறது?” என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை, கோப்பில் இருப்பதைத்தான் தருவார். “இந்த ஆலையின் நடப்பு இசைவாணை நகல், கடைசி ஆய்வு அறிக்கை, புகைபோக்கிப் பரிசோதனை முடிவு” என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

புது ஆலையோ விரிவாக்கமோ வருகிறதென்றால், பல பெரிய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும்; அந்த மதிப்பீட்டின் வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீசில் கிடைக்க வேண்டும். சுருக்கம் மட்டும்தான் தமிழில் இருக்கும். தடித்த ஆங்கில அறிக்கையைப் புரட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் குடியிருப்பிலேயே இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

வாட்ஸப்பை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். யார் சொல்கிறார் என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தபோது, வலையிலும் படகிலும் கறுப்பாக ஒட்டியதை எண்ணூர் மீனவர்கள்தான் காட்டினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது; அங்கே பலருக்கு முதல் தகவல் மூச்சுத்திணறல்தான். அந்தக் குப்பத்துக்காரர்கள் அனுப்பும் பத்து நொடி வீடியோவுக்கு, எங்கிருந்தோ வரும் ‘ஃபார்வர்ட்’டைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நாற்றம் வரும் நாட்களில் நேரத்தையும் காற்று வரும் திசையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த ஆலையின் காகிதத்தைக் கேட்பது என்று தீர்மானிக்க அது உதவும். இசைவாணை கைக்கு வந்தால் நகல் அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.